மிட்டாய் டப்பாவுக்குள் ஓர் ஆம்ப்

ஆல்டாய்ட்ஸ் என்ற பெப்பர்மிண்ட் மிட்டாய் அடைத்து வரும் தகர டப்பா உள்ளங்கையில் அடங்கிவிடும். மிட்டாய் தீர்ந்த பிறகு அதற்குள் ஒரு 9 வோல்ட் பேட்டரி, எட்டுக் கால் ஐசி ஒன்று, கொஞ்சம் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும், ஒரு வால்யூம் கண்ட்ரோல், இரண்டு ஜாக் எல்லாம் கச்சிதமாக உட்காரும். 1990களின் பிற்பகுதியில் சூ மாய் என்பவர், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் ஒன்றின் வரைபடத்தை இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்தார். அவர் பெயரே கருவிக்கும் நிலைத்துவிட்டது: சீமாய். இன்றும் ஹெட்போன் ஆம்ப் ஒன்றைத் தானே செய்து பார்க்கக் கிளம்புகிறவர் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் அந்த வரைபடம்தான்.

அதற்கு எதிரில் நிற்பது ஓ-2 என்ற இன்னொரு ஹெட்போன் ஆம்ப். அமைத்தவர் தன் உண்மைப் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை. ‘என்டபிள்யூஏவி கை’ என்ற புனைபெயரில் எழுதினார். விலை உயர்ந்த ஆம்புகளையும் பேர்பெற்ற வீட்டுத் தயாரிப்புகளையும் ஆய்வுக்கூடக் கருவியில் வைத்து அளந்து, குறைகளை எண்களோடு வெளியிட்டவர். ‘நீ செய்து காட்டு பார்க்கலாம்’ என்றவர்களுக்குப் பதிலாக 2011-ல் ஓ-2 வந்தது. சுமார் 30 டாலர் உதிரிபாகச் செலவில், அளவீட்டில் எந்தப் பெரிய ஆம்புக்கும் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒன்று. 2012-ல் அவர் எழுதுவதை நிறுத்தினார். அதன்பிறகு அவரைப் பற்றிய செய்தியே இல்லை.

இந்த இரண்டையும் ஒப்பிட்டு ‘எது நன்றாக ஒலிக்கும்’ என்று கேட்பதுதான் வழக்கம். அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. இன்றைக்கு ஒருவருக்குத் தனியாக ஒரு ஹெட்போன் ஆம்ப் தேவையா? இதைக் காதால் தீர்மானிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடக் கணக்கு போதும்.

ஆப்பிள் விற்கும் யூஎஸ்பி-சி இயர்போன் அடாப்டரை எடுத்துக்கொள்வோம். சுண்டுவிரல் நீள வயர். அமெரிக்காவில் 9 டாலர். அந்த நாட்டு மாதிரி அதிகபட்சம் 1 வோல்ட் தருகிறது. (ஐரோப்பாவில் விற்பது அதில் பாதிதான் தரும்.) 32 ஓம் இம்பீடன்ஸும், 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் உணர்திறனும் கொண்ட சாதாரண ஹெட்போனில் 1 வோல்ட் என்றால் 31 மில்லிவாட். ஒலி 115 டெசிபெல்லைத் தொடும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபெல்தான் பாதுகாப்பான எல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இசையின் உச்சங்கள் சராசரியைவிட 20 டெசிபெல் மேலே எழும் என்று வைத்துக்கொண்டாலும் 100-ஐத் தாண்ட வேண்டியதில்லை. ஆக, இந்த ஹெட்போனுக்கு எந்த ஆம்பும் வேண்டாம்.

கொஞ்சம் கடினமான ஹெட்போனுக்குப் போவோம். சென்ஹைசர் எச்டி 650, 2003 முதல் பலர் மதிக்கும் ஹெட்போன். இம்பீடன்ஸ் 300 ஓம். 1 வோல்ட்டுக்கு 103 டெசிபெல். அதே 9 டாலர் வயரே இதையும் ஏறக்குறைய நிறைவாக ஓட்டிவிடும். மெல்லப் பதிவான கச்சேரியில் மட்டும் இன்னும் ஆறேழு டெசிபெல் இருந்தால் நல்லது என்று தோன்றும். 110 டெசிபெல்லுக்கு 2.24 வோல்ட் வேண்டும், மின்னோட்டம் 7.5 மில்லிஆம்பியர்தான். எச்டி 650 கேட்பது வோல்ட்டை. ஆம்பியருக்கு அது அலைவதில்லை.

கடைசியாக ஒரு முரட்டு ஹெட்போன். ஹைஃபைமேன் எச்இ-6, பிளானார் வகை, 50 ஓம், மில்லிவாட்டுக்கு வெறும் 83.5 டெசிபெல். இதில் 110 டெசிபெல் வர வேண்டுமானால் 450 மில்லிவாட் வரை ஊற்ற வேண்டும்: 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர், உச்சத்தில் 134. இங்கே ஆம்ப் இல்லாமல் முடியாது.

இனி சீமாயை இந்தத் தராசில் வைக்கலாம். அதன் 9 வோல்ட் நடுவில் பிரிந்து, நேர்ப்பக்கம் 4.5, எதிர்ப்பக்கம் 4.5 ஆகிறது. அதில் உள்ள ஓபிஏ2134 ஐசி சுமையோடு வேலை செய்யும்போது இரு ஓரத்திலும் சுமார் ஒன்றரை வோல்ட்டை விட்டுவிடும். மிஞ்சுவது 3 வோல்ட் உச்சம், அதாவது 2.1 வோல்ட் ஆர்எம்எஸ் (மேலே ஹெட்போன்களுக்குச் சொன்ன வோல்ட்டும் இந்தக் கணக்கில்தான்). பேட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கினால் 1.4 தான். 9 டாலர் வயரைவிட, புதுப் பேட்டரியில் 6 டெசிபெல் கூடுதல், பழசில் 3 டெசிபெல் கூடுதல். எச்டி 650-க்கு இது ஓரளவு உதவி. 32 ஓம் ஹெட்போனுக்கு வேண்டாத உதவி. எச்இ-6 பக்கம் இது போகவே கூடாது; ஐசியால் தர முடிந்தது 35 மில்லிஆம்பியர்.

சாதனம் என்ற அளவில் சீமாய் பிழைத்திருப்பதற்கு இன்று காரணம் மிகக் குறைவு. இதை மனம் வருந்தித்தான் எழுதுகிறேன். நான் முதலில் பற்றவைத்த ஆம்ப் அதுதான்.

ஆனால் சீமாயைக் குறை சொல்பவர்கள் சுட்டும் குறை பெரும்பாலும் தவறான இடத்தில் இருக்கிறது. ஒற்றை பேட்டரியை நடுவில் பிரிக்க இரண்டு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும் இரண்டு 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்களும் வைத்து, அந்த நடுப்புள்ளியையே கிரவுண்டு என்று அழைக்கிறார் சூ மாய். இது பொய்க் கிரவுண்டு, இதனால் தாழ்ந்த சுருதி மெலிந்துபோகும் என்று பலர் எழுதுவார்கள். கணக்கும் முதல் பார்வைக்கு அவர்கள் பக்கம்தான். கிரவுண்டுக்குத் திரும்பும் மின்னோட்டத்துக்கு இரு கெபாசிட்டர்களும் இணையாகச் சேர்ந்து 440 மைக்ரோஃபாரட். 20 ஹெர்ட்ஸில் அது 18 ஓம் தடை. 32 ஓம் ஹெட்போனோடு 18 ஓம் சேர்ந்தால் தாழ்ஒலி அடிபடும்தானே?

அடிபடாது. உள்ளே வரும் இசை, ஐசி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் பின்னூட்டம், ஹெட்போனின் மறுமுனை ஆகிய மூன்றும் அதே நடுப்புள்ளியில்தான் கால் ஊன்றி நிற்கின்றன. புள்ளி ஆடினால் மூன்றும் சேர்ந்தே ஆடும். ஹெட்போனுக்குக் குறுக்கே உள்ள வோல்ட் மாறாது. உண்மையில் ஆடுவது பேட்டரியின் இரண்டு முனைகளும்தான். படகில் உட்கார்ந்திருப்பவருக்குக் கரை ஆடுவதுபோல. அதனால் வரும் இழப்பு வேறு. இரு சேனலிலும் சேர்ந்து உச்சத்தில் 50 மில்லிஆம்பியர் ஓடினால், 20 ஹெர்ட்ஸில் அந்த 18 ஓம் 0.9 வோல்ட்டைத் தின்றுவிடும். ஏற்கெனவே 3 வோல்ட்தான் கையில் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. உரக்க வைத்தால் அலையின் உச்சி சீக்கிரம் வெட்டுப்படும். 220-க்குப் பதிலாக 1000 மைக்ரோஃபாரட் போட்டால் 18 ஓம் 4 ஓமாகிவிடும். டப்பாவில் இடம் நெருக்கடியாகும், அவ்வளவுதான்.

பொய்க் கிரவுண்டில் மெய்யான ஆபத்து ஒன்று உண்டு. பேட்டரியை எடுத்துவிட்டு, பாட்டு வரும் கணினியின் யூஎஸ்பியிலிருந்தே ஆம்புக்கும் மின்சாரம் எடுத்தால் வினை. கணினியின் கிரவுண்டு ஒரு வயரில் பேட்டரியின் எதிர்முனை இருந்த இடத்துக்கும், இன்னொரு வயரில் நடுப்புள்ளிக்கும் வந்து சேர்கிறது. பாதி மின்னழுத்தம் குறுக்குச் சுற்றாகிவிடும். சீமாய் தனியாக நிற்கும் பேட்டரிக்காக வரையப்பட்டது. அந்த எல்லைக்குள் அது ஒழுங்காக நடந்துகொள்கிறது.

மூல வரைபடத்தில் மன்னிக்க முடியாத குறை வேறு: பெருக்கம் 11 மடங்கு. ஒரு கிலோ ஓமும் பத்து கிலோ ஓமும் சேர்ந்து தருவது அது. 1 வோல்ட் தரும் கருவியை மாட்டினால் 11 வோல்ட் கேட்கிறோம், இருப்பதோ 2.1. குமிழின் முதல் கொஞ்சத்தில் மட்டும் கேட்கலாம், மீதி முழுவதும் கரகரப்பு. அந்த முதல் கொஞ்சத்தில்தான் மலிவான இரட்டைக் கண்ட்ரோல்களின் இடது வலது பாதைகள் ஒத்துப்போவதில்லை. மெல்லக் கேட்கும்போது பாடகர் ஒரு காதுப் பக்கம் சாய்ந்து நிற்பார். ஐசியின் இரைச்சலும் 11 மடங்கு பெருகுகிறது. இதற்கு வைத்தியம் ஒரே ஒரு ரெசிஸ்டர். 10 கிலோ ஓமை 2.2 ஆக்கினால் பெருக்கம் 3.2.

இன்னொரு சிறிய குறை, உள்நுழைவில் உள்ள 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். அடுத்துள்ள 100 கிலோ ஓமோடு சேர்ந்து 20 ஹெர்ட்ஸில் இரண்டு டெசிபெல்லைக் குறைத்துவிடுகிறது. 0.47 போட்டால் தீர்ந்தது. தாழ்ஒலி மெலிகிறது என்று கிரவுண்டைத் திட்டியவர்கள் உண்மையில் கேட்டது இதுவாக இருக்கலாம்.

இப்போது ஐசி மாற்றும் பழக்கத்துக்கு வருகிறேன். இந்தப் பொழுதுபோக்கில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது அதுதான். எட்டுக் கால் சாக்கெட்டில் ஓர் ஐசியைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகி, ‘இதில் குரல் முன்னே வருகிறது, அதில் மேடை விரிகிறது’ என்று எழுதும் வழக்கம் பரவிவிட்டது. நான் சென்னை ரிச்சி தெருவில் பாகம் வாங்கப்போனபோது ஓபிஏ2134 கிடைக்கவில்லை. ‘எல்லாம் ஒண்ணுதான் சார், கால் கணக்கு ஒண்ணுதானே’ என்று ஒரு கடையில் என்ஈ5532 தந்தார்கள். கால் கணக்கு ஒன்றுதான். பாட்டும் நன்றாகவே வந்தது. இரண்டு நாள் கழித்து, வேறு ஏதோ பார்ப்பதற்காக மல்டிமீட்டரை ஜாக்கில் வைத்தேன். பாட்டே ஓடாதபோது 0.2 வோல்ட் டிசி நின்றுகொண்டிருந்தது. ஹெட்போனின் காயில் வழியே ஓய்வில்லாமல் 6 மில்லிஆம்பியர் ஓடி, அதன் சவ்வை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்திருந்தது.

காரணம் தரவுத்தாளிலேயே இருக்கிறது. ஓபிஏ2134-ன் உள்வாயில் ஃபெட் டிரான்சிஸ்டர்கள்; அது உறிஞ்சும் மின்னோட்டம் பிகோஆம்பியர் அளவில். என்ஈ5532 பைபோலார் வகை. உறிஞ்சுவது வழக்கமாக 200 நானோஆம்பியர், தரவுத்தாள் அனுமதிக்கும் உச்சம் 800. அந்த 200 நானோ, உள்நுழைவின் 100 கிலோ ஓம் வழியே போகும்போது 20 மில்லிவோல்ட். அதை 11-ஆல் பெருக்கினால் 220 மில்லிவோல்ட். என் மீட்டர் காட்டியது சரியாக அந்தப் பக்கம்தான். போதாக்குறைக்கு, சில தரவுத்தாள்களின்படி அந்த ஐசி கேட்கும் குறைந்தபட்ச மின்னழுத்தம் இரு பக்கமும் 5. சீமாய் தருவது 4.5. என்ஈ5532 நல்ல ஐசி, உலகத்தின் எத்தனையோ ஒலிப்பதிவு மேசைகளில் உழைத்த ஐசி. இந்த இடத்துக்கு அது பொருந்தாது.

வேறு சில வேக ஐசிகளை, மின்சாரக் கால்களுக்குப் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் வைக்காமல் செருகினால், காதுக்கு எட்டாத மெகாஹெர்ட்ஸில் அவை அலையத் தொடங்கும். ஐசி சூடாகும், ஒலி கொஞ்சம் கூர்மையாகத் தோன்றும். அந்தக் கூர்மையை நுணுக்கம் என்று கொண்டாடுகிறார்கள். இரண்டு ஆம்புகளை ஒப்பிட வேண்டுமானால் ஒரே சுருதியை ஓட்டி, வெளிவரும் வோல்ட்டை மீட்டரால் 0.1 டெசிபெல்லுக்குள் சமப்படுத்தி, எது எது என்று தெரியாமல் கேட்க வேண்டும். அதைச் செய்யாதவர் சொல்வதை நான் சான்றாக ஏற்கமாட்டேன். கொஞ்சம் உரக்கக் கேட்டதையே காது நல்லதென்று எடுத்துக்கொள்ளும்.

ஓ-2 இந்தக் குழப்பங்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருக்கிறது. பெருக்கும் வேலை ஒரு என்ஜேஎம்2068-க்கு. ஹெட்போனைத் தள்ளும் வேலை இரண்டு என்ஜேஎம்4556ஏ-க்கு. ஒவ்வொன்றும் 70 மில்லிஆம்பியர் தரும் இரண்டு பகுதிகளை 1 ஓம் ரெசிஸ்டர்களால் இணைத்து ஒரு சேனலுக்கு 140 மில்லிஆம்பியர், வெளிவாயில் அரை ஓம் தடை. எச்இ-6 கேட்ட 134-ஐ மேலே பார்த்தோம். ஓ-2 அதை விளிம்பில் நின்று தந்துவிடும். கடைசிப் படியில் பெருக்கமே இல்லை என்பதால் டிசி பெருகுவதில்லை. சில மில்லிவோல்ட்டோடு நின்றுவிடும். வால்யூம் கண்ட்ரோல் பெருக்கத்துக்குப் பின்னால் இருக்கிறது. குமிழைக் குறைத்தால் முதல் படியின் இரைச்சலும் சேர்ந்து குறைகிறது.

என்னை மிகவும் கவர்ந்தது அதன் பேட்டரிக் காவல். ஓ-2-வில் இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள், நடுவில் மெய்யான கிரவுண்டு. இதில் ஒன்று முன்னால் செத்துவிட்டால் என்ன ஆகும்? ஐசியின் ஒரு பக்கம் ஒடிந்து, மறுபக்கத்தின் முழு வோல்ட்டும் ஹெட்போனில் போய் நிற்கலாம். அதற்காகவே ஒரு கம்பரேட்டரும் இரு மாஸ்ஃபெட்களும் காவல் இருந்து, மின்னழுத்தம் தாழ்ந்ததும் இரண்டையும் ஒரே நேரத்தில் துண்டிக்கின்றன. இதைப் படித்த பிறகு ‘சீமாயில் இரண்டு பேட்டரி போடு, மெய்க் கிரவுண்டு கிடைக்கும்’ என்று எளிதாகத் தரப்படும் யோசனையை நான் ஏற்பதில்லை. ஒற்றை பேட்டரி செத்தால் இரு பக்கமும் சேர்ந்தே தாழும். சூ மாயின் பொய்க் கிரவுண்டு அந்த ஒரு விஷயத்தில் காவலில்லாத இரட்டைப் பேட்டரியைவிடப் பாதுகாப்பானது.

ஓ-2-விலும் குறை உண்டு. வால்யூமுக்கு முன்னால் பெருக்கம் இருப்பதால், 2 வோல்ட் தரும் சிடி பிளேயரை மாட்டி 6.5 மடங்குப் பொத்தானை அழுத்தினால் முதல் படி 13 வோல்ட் தர வேண்டும். 12 வோல்ட் ரெகுலேட்டருக்குள் அதற்கு இடமில்லை. குமிழை எவ்வளவு இறக்கினாலும் கரகரப்பு போகாது. ஏன் என்றும் புதியவருக்குப் புரியாது. 2.5 மடங்கில் வைத்துக்கொள்ள வேண்டும். சுவரில் செருக அது கேட்பது டிசி தரும் வழக்கமான அடாப்டரை அல்ல, ஏசி வெளிவரும் அடாப்டரை. நம் ஊர்க் கடையில் அதைத் தேடி அலைந்தவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும்.

இதைவிடப் பெரிய விஷயம் உரிமம். ஓ-2-வை யாரும் செய்யலாம், விற்கலாம். வடிவமைப்பை மாற்றி வெளியிடக் கூடாது. அளந்து நிரூபித்ததைத் தெரியாதவர்கள் மாற்றிக் கெடுத்துவிட்டு அதே பெயரில் உலவவிடக் கூடாது என்ற அவரது அச்சம் எனக்குப் புரிகிறது. ஐசி மாற்றும் பழக்கத்தைப் பார்த்தவருக்கு அந்த அச்சம் வராமல் இருக்காது. ஆனால் விளைவு என்ன? பலகையை வாங்கி, பட்டியலில் உள்ள பாகங்களை எண் பார்த்துச் செருகி, சால்டர் வைத்து மூடிவிடலாம். வேலை செய்யும். ஏன் வேலை செய்கிறது என்று செய்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதையே கட்டி முடித்து விற்கவும் செய்தார்கள். அப்படி விற்ற ஜேடிஎஸ் லேப்ஸ் நிறுவனம் 2018-ல் ஆட்டம் என்ற ஆம்பை 99 டாலருக்குக் கொண்டுவந்தது. அளவீட்டில் அது ஓ-2-வையும் தாண்டியது. ஒலிக்காக, காசு மிச்சம் பிடிப்பதற்காக வீட்டில் ஆம்ப் செய்ய வேண்டும் என்ற வாதம் அத்தோடு தீர்ந்தது.

அப்படியானால் எதற்காகச் செய்வது? என் தீர்ப்பு இதிலிருந்துதான் வருகிறது. வீட்டில் செய்த ஆம்பை எடைபோடும் அளவுகோல், செய்தவர் அதன் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டு ‘இது ஏன் இங்கே, இந்த மதிப்பில்’ என்று சொல்ல முடிகிறதா என்பதே. சீமாயில் இருக்கும் பாகங்கள் மிகக் குறைவு. ஒரு மாலையில் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுவிடலாம். அதன் குறைகள்கூடப் பள்ளிப் பாடம்போல வரிசையாக வெளியே தெரிகின்றன, ஒரு ரெசிஸ்டரிலும் ஒரு கெபாசிட்டரிலும் திருத்திவிடக் கூடியவையாக இருக்கின்றன. ஓ-2 அப்படித் திறந்து நிற்பதில்லை. ஆனால் அதை அமைத்தவர் ஒவ்வொரு முடிவுக்கும் எழுதிவைத்த விளக்கம் எந்தக் கல்லூரிப் பாடப்புத்தகத்துக்கும் குறைந்ததில்லை.

ஆகவே செய்வதற்கு சீமாய், படிப்பதற்கு ஓ-2. எச்இ-6 போன்ற ஒன்றை வைத்திருப்பவர் மட்டும் ஓ-2-வைச் செய்யலாம், அல்லது கடையில் வாங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் நல்ல ஒலிக்காக எதையும் செய்ய வேண்டாம். கையில் உள்ள வயர் போதும். ஒலிக் கருவி ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர், பெருக்கத்தை 3.2 ஆக்கி, நடுப்புள்ளிக்கு 1000 மைக்ரோஃபாரட் இரண்டு வைத்து, உள்வாயில் 0.47 போட்டு, ஃபெட் உள்வாய் கொண்ட ஐசியையே தேடி வாங்கி, ஒற்றை பேட்டரியோடு சீமாயைச் செய்யட்டும்.

செய்து முடித்ததும் பாட்டுப் போட்டுப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். உள்ளே எதையும் மாட்டாமல் ஆம்பைப் போட்டு, மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஹெட்போன் ஜாக்கின் இடது வலது இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டிலும் 20-க்குக் கீழே காட்டினால் மட்டும் உங்கள் நல்ல ஹெட்போனைச் செருகுங்கள்.